குடிநோயும் 12-ஆம் நம்பர் விலக்கும்

குடியை நிறுத்துவதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மெடிக்கல் இன்சூரன்ஸ் பணம் கொடுக்குமா?

எலெக்ட்ரானிக் சிட்டியில் வங்கி வேலை பார்க்கிறவனிடம் போய் இதை ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்சூரன்ஸ் கைவிட்ட இடத்திலிருந்து மக்கள் நேராக வந்து நிற்பது எங்கள் கவுண்டரில்தான். நகைக்கடனாக வரும், பர்சனல் லோனாக வரும், ஃபிக்ஸட் டெபாசிட்டைப் பாதியில் உடைப்பதாக வரும். "எதுக்கு சார் லோன்?" என்றால் "மெடிக்கல்" என்று ஒரே வார்த்தை. பிறகு, கையெழுத்தெல்லாம் போட்டு முடித்தபின், "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன் சார்..." என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

சுருக்கமான பதில்: பெரும்பாலான பாலிசிகளில் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பார்லிமெண்ட் போட்ட சட்டத்தை வரிக்கு வரி படித்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஏறக்குறைய 180 வருடக் கதை இருக்கிறது. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக அடுத்தவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடும் பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

<b>குடிக்காதவருக்கு எக்ஸ்ட்ரா பிரீமியம்</b>

குடிகாரரைக் கண்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஆதியிலிருந்தே ஒதுங்கின என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பம் தலைகீழ்.

1840-ஐ ஒட்டி லண்டனில் ராபர்ட் வார்னர் என்று ஒரு குவேக்கர் ஆயுள் காப்பீடு எடுக்கப் போனார். அவர் மதுவைத் தொடாதவர். கம்பெனி அவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்டது. குடிக்காத மனிதன் உடம்பில் தெம்பு இல்லாமல் சீக்கிரம் போய்விடுவான் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை! வார்னரும் நண்பர்களும் கோபப்பட்டதோடு நிற்கவில்லை. மது தொடாதவர்களுக்கென்றே 1840-ல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் குடிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கணக்கு. வருடங்கள் போகப் போக, குடிக்காதவர் பிரிவில் சாவு குறைவு, போனஸ் அதிகம் என்று லெட்ஜரே சாட்சி சொன்னது. மதுவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்புக்குக் கிடைத்த ஆரம்பகாலப் புள்ளிவிவரங்களில் இதுவும் ஒன்று. கணக்குப்பிள்ளைகள் டாக்டர்களுக்கு முன்னால் போன அபூர்வ சந்தர்ப்பம்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரயில் வந்தது, ரயில் விபத்து வந்தது, விபத்துக் காப்பீடும் வந்தது. 1849-ல் ரயில் பயணிகளுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கியது. அந்த விபத்துப் பாலிசிகளில் "மதுபோதையில் இருக்கும்போது நேர்ந்தால் பணம் கிடையாது" என்ற நிபந்தனை இடம்பெற்றது. போதை என்றால் எவ்வளவு போதை என்று 1877-ல் இங்கிலாந்துக் கோர்ட்டில் வழக்கே நடந்திருக்கிறது.

அந்த நிபந்தனையில் நியாயம் இருந்தது. குடித்துவிட்டு ஓடும் வண்டியில் ஏறி விழுந்தவனுக்கு, ஒழுங்காகப் படியேறி உட்கார்ந்தவன் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஆனால் அது விபத்துக்காக எழுதப்பட்ட வாக்கியம், ஒரு ராத்திரிப் போதையைப் பற்றிய வாக்கியம். பத்து வருடம் விடாமல் குடித்து, இப்போது விட நினைத்தாலும் விட முடியாமல் கை நடுங்கிக்கொண்டு நிற்கிற மனிதனை அது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டியது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை.

அமெரிக்காவில் மாநில இன்சூரன்ஸ் கமிஷனர்களின் சங்கம் 1947-ல் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. போதையால் நேர்ந்த எந்த நஷ்டத்துக்கும் பணம் மறுக்கலாம் என்று அதில் இருந்தது. பல மாநிலங்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. விளைவு என்ன? அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்க்கவே தயங்க ஆரம்பித்தார்கள். பார்த்தால் எழுத வேண்டும், எழுதினால் பில் வராது. 2001-ல் அதே சங்கம் "இந்த ஷரத்தை எடுத்துவிடுங்கள்" என்று மாநிலங்களுக்குச் சொன்னது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர் விஷயத்தில் மறுபடி வரும்.

<b>ஆஸ்பத்திரி போர்டிலும் இன்சூரன்ஸ் கார்டிலும் ஒரே மூன்றெழுத்து</b>

இனி நம் பக்கத்துக் கதை. இதை டி.டி.கே. என்ற மூன்றெழுத்தை வைத்துச் சொல்லலாம்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரியைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எல்.ஐ.சி. பிறந்த 1956-ஆம் ஆண்டில் நேரு மந்திரிசபையில் நிதி அமைச்சரானவர். அந்த எல்.ஐ.சி.யே அவர் பதவிக்கு வினையானது. முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரம் வெடித்து, சாக்ளா கமிஷன் விசாரித்து, 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். எங்களைப் போல வங்கித் தேர்வுக்குப் படித்தவர்கள் இதை மனப்பாடம் செய்திருப்போம்.

மனப்பாடத்தில் வராத பகுதி ஒன்று உண்டு. அவருடைய பேரன் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் அவதிப்பட்டு 1979-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பணம் இல்லாத குடும்பமா? செல்வாக்கு இல்லாத குடும்பமா? இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அழுது முடித்து உட்கார்ந்துவிடவில்லை. 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் கீழ் அடையாறு இந்திரா நகரில் இயங்குவதுதான் டி.டி.கே. மருத்துவமனை. "குடிகாரன்" என்று ஊர் சொன்னவரை "நோயாளி" என்று அட்மிஷன் போட்டு, மனைவி மக்களையும் உட்கார வைத்துப் பேசிய இடம். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மத்திய அரசும் அந்தப் பத்தாண்டில்தான் விழித்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985. மறுவாழ்வு மையம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கும் திட்டம் 1985-86. பெங்களூரில் நிம்ஹான்ஸ் 1990-களின் தொடக்கத்தில் குடிநோய்க்கென்று தனிப் பிரிவு நடத்த ஆரம்பித்தது. ஆக, இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு என்று மருத்துவம் சொல்லிவிட்டது, அரசாங்கமும் மானியம் கொடுத்து ஒப்புக்கொண்டுவிட்டது.

சரி, இன்சூரன்ஸ் என்ன சொன்னது?

1973-ல் பொதுக் காப்பீடு தேசியமயமானது. அதன் நான்கு கம்பெனிகள் சேர்ந்து 1986-ல் கொண்டுவந்ததுதான் மெடிகிளெய்ம். நம் நாட்டில் சாதாரண மனிதன் காசு கட்டி ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு எடுக்கலாம் என்ற வழக்கமே அதிலிருந்துதான் பரவியது. அந்தப் பாலிசியின் விலக்குகள் பகுதியில் 4.8 என்ற எண்ணில் நெடுங்காலம் ஒரு வாக்கியம் இருந்தது. அதில் யார் யாரெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள்: சும்மா ஓய்வெடுக்கச் சேருபவர், வெளியே தெரியும் பிறவிக் குறை உள்ளவர், குழந்தை இல்லாதவர், பால்வினை நோய் வந்தவர், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவர், கடைசியாக மதுவும் போதையும் உபயோகிப்பவர். அடுத்த எண்ணிலேயே எச்.ஐ.வி.

இது நோய்களின் பட்டியலா, இல்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "இதெல்லாம் வெளியே சொல்லக் கூடாத விஷயம்" என்று பெரியவர்கள் போட்ட பட்டியலா? எனக்கு இரண்டாவது மாதிரித்தான் படுகிறது.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருவோம். 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் தொடங்கியது. 1990-களில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தன. கூடவே நாமும் வந்தோம், ஓசூர் ரோடு வழியாக. 1999-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கான சட்டம் வந்தது. தனியார் கம்பெனிகள் வந்தன. கிளெய்ம் பார்க்கும் டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் 2001 விதிகளுக்குப் பின் வந்தன. கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையோடு இன்சூரன்ஸ் கார்டும் கைக்கு வந்தது. அப்பா அம்மாவுக்கும் சேர்த்து, பிரசவத்துக்கும் சேர்த்து, ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் சேர்த்து. ஊரில் இருப்பவர்கள் வாய் பிளந்த விஷயம் அது.

அந்தக் கார்டுகள் பலவற்றில் இருந்த டி.பி.ஏ. பெயர் டி.டி.கே. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அந்தக் குழுமம் நடத்திய நிறுவனம். பின்னால் அது விடால் ஹெல்த் என்று பெயர் மாறியது. 2014-ல் அதே குழுமம் அமெரிக்க சிக்னாவோடு சேர்ந்து ஆரோக்கியக் காப்பீட்டுக் கம்பெனியே தொடங்கியது. அது இப்போது மணிப்பால் சிக்னா.

யோசித்துப் பாருங்கள். அடையாறில் குடிநோய் மருத்துவமனை போர்டில் அந்த மூன்றெழுத்து. பெங்களூரில் மெடிக்கல் கார்டிலும் அதே மூன்றெழுத்து. இந்தக் கார்டை எடுத்துக்கொண்டு அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போனால் பொதுவாகச் செல்லாது. இது அந்தக் குழுமத்தின் தப்பு இல்லை. டி.பி.ஏ. என்பது பாலிசியில் எழுதியிருப்பதைப் பார்த்து டிக் போடும் இடம், பாலிசியை எழுதும் இடம் இல்லை. குடிநோயின் விலையை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்த குடும்பத்தின் பெயர் இருந்தும், நடுவில் நின்ற அந்த ஒரு வாக்கியம் நகரவில்லை என்பதுதான் விஷயம்.

<b>மற்ற ஊர்களில் எப்படி நகர்ந்தது</b>

ஜெர்மனியில் 1968 ஜூன் 18-ஆம் தேதி அந்நாட்டு சமூகக் காப்பீட்டு உச்ச நீதிமன்றம், குடிநோய் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் பொருளில் நோய்தான் என்று தீர்ப்பளித்தது. 1978-ல் செலவைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். உடம்பிலிருந்து மதுவை இறக்கும் முதல் கட்டச் சிகிச்சைக்கு ஆரோக்கியக் காப்பீடு. அதன்பின் வரும் நீண்ட மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஓய்வூதியக் காப்பீடு.

ஓய்வூதியக்காரர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? தர்மம் இல்லை சார், கணக்கு. நாற்பது வயது ஆள் தேறி வேலைக்குத் திரும்பினால் இன்னும் இருபது வருடம் சந்தா கட்டுவார். தேறாவிட்டால் நாளையிலிருந்தே அவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எம்.பி.ஏ. வேண்டாம், பி.காம். போதும்.

அமெரிக்கக் கதை எங்கள் ஆட்களுக்கு இன்னும் சுவாரசியம். மனநோய்க்குச் சம உரிமை என்று 1996-ல் அங்கே வந்த சட்டம் குடி, போதையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதைச் சேர்க்கும் மசோதா வருடக்கணக்கில் இழுத்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் மசோதா அவசர அவசரமாகத் தயாரானது. அக்டோபர் 3-ஆம் தேதி புஷ் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தோடு குடிநோய்க்கான சம உரிமைச் சட்டமும் ஒட்டிக்கொண்டு நிறைவேறியது. பாராளுமன்றக் கீழ்ச்சபையில் அதற்காகப் பாடுபட்டவர்கள் குடியரசுக் கட்சியின் ஜிம் ராம்ஸ்டாட், ஜனநாயகக் கட்சியின் பேட்ரிக் கென்னடி. இருவருமே தாங்கள் குடிநோயிலிருந்து மீண்டவர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். திவாலான வங்கிகளையும் நொடித்துப்போன மனிதர்களையும் ஒரே சட்டம் தூக்கி நிறுத்தப் பார்த்தது. நம் பத்திரிகைகளில் அன்று முதல் பாதிதான் செய்தியானது.

<b>நம் சட்டம் சொன்னது</b>

1987-ன் மனநலச் சட்டத்திலேயே, மதுவுக்கும் போதைக்கும் ஆட்பட்டவர்களுக்குத் தனி மனநல மருத்துவமனை அமைக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஆனால் பணம் யார் கொடுப்பது என்ற பேச்சு அதில் இல்லை.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் பெரிய திருப்பம். 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. அதில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2-ஆம் பிரிவு மனநோய் என்றால் என்ன என்று விளக்குகிறது. மது, போதைப்பொருள் தவறான உபயோகத்தோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளும் அதில் அடக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 21-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு கொடுக்கிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் கொடுக்க வேண்டும் என்கிறது.

இரண்டையும் கூட்டினால் விடை என்ன? எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆணையமும் 2018 ஆகஸ்ட் 16-ல் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது, சட்டப்படி நடந்துகொள்ளுங்கள் என்று.

அப்புறம் வந்தது 2019 செப்டம்பர் 27. எல்லாக் கம்பெனிகளும் ஆளுக்கொரு விலக்குப் பட்டியல் வைத்திருந்ததை ஒழுங்குபடுத்தி ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல். நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. இனிமேல் எவற்றை விலக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறு எல்லாம் அதில் வந்துவிட்டன. எவற்றை விலக்கலாம், எந்த வார்த்தைகளில் எழுத வேண்டும் என்று இன்னொரு பட்டியல். 18 இனங்கள். அதில் 12-ஆம் நம்பர்: குடிநோய், போதைப்பொருள் உபயோகம், எந்த விதமான அடிமைப் பழக்கம், மற்றும் அவற்றின் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சை.

அதாவது சட்டம் மனநோய் என்று சொன்னதை ஒரே ஆவணம் ஒரு பக்கத்தில் உள்ளே விட்டு, இன்னொரு பக்கத்தில் வெளியே நிறுத்துகிறது. 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்ஜீவனி என்ற பொதுப் பாலிசியிலும் அப்படியே. மனநோய் உண்டு, 12-ஆம் நம்பரும் உண்டு. உங்கள் பாலிசி பி.டி.எஃப்.பைத் திறந்து "எக்ஸ்க்ளூஷன் 12" என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

பழைய விலக்குகளில் சில ஒவ்வொன்றாக எழுந்து போய்க்கொண்டிருக்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காப்பீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-ன் தனிச் சட்டம் சொன்னது. மனநோய்க்குக் கோர்ட்டும் கைகொடுத்தது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், 2017 சட்டம் வந்தபிறகு மனநோய்க் கிளெய்மை மறுக்க முடியாது என்று பொதுத்துறைக் கம்பெனி ஒன்றுக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாலிசிகளும் மனநோயைச் சேர்த்தாக வேண்டும் என்று ஆணையமும் கெடு வைத்தது. மது இன்னும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

அரசாங்கத் திட்டத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விலக்குகளில் போதை மறுவாழ்வுச் சிகிச்சை இருக்கிறது. அதே திட்டத்தின் மனநல சிகிச்சைப் பட்டியலில் போதைப்பொருளால் வரும் மனநலக் கோளாறுகளும் இருக்கின்றன. சேர்க்கிற டாக்டர் எந்தப் பெயர் எழுதுகிறார் என்பதில் இருக்கிறது எல்லாம்.

<b>வேண்டுமென்றே கட்டாதவர்</b>

கம்பெனிகள் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்று, தானாகத் தேடிக்கொண்ட நோய். இரண்டு, ஒருமுறை சேர்ந்தவர் மறுபடி மறுபடி வருவார். மூன்று, மறுவாழ்வு மையம் என்ற பெயரில் எவர் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். மூன்றாவது உண்மையிலேயே சிக்கல். ஆனால் அதற்கு மருந்து பதிவு பெற்ற மனநல மையங்களை மட்டும் அனுமதிப்பது. சட்டத்திலேயே பதிவுக்கு வழி இருக்கிறது.

முதல் இரண்டுக்கும் வங்கிக்காரன் பதில் ஒன்று உண்டு. எங்களிடம் கடன் கட்டாதவர்கள் இரண்டு வகை. 90 நாள் தவணை வராவிட்டால் கணக்கு வாராக்கடன். ஆனால் வாராக்கடன்காரர் எல்லோரையும் நாங்கள் "வேண்டுமென்றே கட்டாதவர்" என்று சொல்லிவிட முடியாது. அது பெரிய முத்திரை. குத்துவதற்கு முன் கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை என்று காட்ட வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும். தொழில் நொடித்துப்போனவருக்குத் தவணையை மாற்றி அமைத்துக் கொடுக்கிறோம். அவர் மேல் இருக்கிற பாசத்தால் இல்லை, முதல் திரும்ப வரவேண்டுமே!

12-ஆம் நம்பர் விலக்கு குடிநோயாளி ஒவ்வொருவரையும் விசாரணை இல்லாமல் "வேண்டுமென்றே" என்று முத்திரை குத்துகிறது. சர்க்கரை உள்ளவர் கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு அட்மிட் ஆனால் யாரும் "தானே தேடிக்கொண்டார்" என்று கிளெய்மைத் திருப்புவதில்லை. அடுத்த வருடம் மறுபடி வந்தாலும் கொடுக்கிறார்கள்.

அரசாங்கம் இதில் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். சட்டப்படி விற்று, சட்டப்படி வரி வாங்கி, சட்டப்படி நோய் என்றும் எழுதிவிட்டு, சிகிச்சைச் செலவு என்று வரும்போது மட்டும் அது தனி மனிதனின் ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது.

டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி மதுவுக்கு முழுதாக ஆட்பட்டவர்கள் சுமார் 2.9 கோடிப் பேர். அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர் 38-ல் ஒருவர். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1.6 லட்சம் பேர்தான். இதற்கெல்லாம் இன்சூரன்ஸ்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வெட்கம் இருக்கிறது, தூரம் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைத் தாண்டி வந்தவரைக் காசு கவுண்டரில் நிறுத்துவது இதுதான்.

<b>மூன்றாம் நாள்</b>

இந்த விலக்கு செய்யும் பெரிய கெடுதல் பணத்தில் இல்லை. மேலே அமெரிக்க டாக்டர்கள் கதையில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

தினமும் குடிக்கிற ஒருவர் பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிந்து அட்மிட் ஆகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். கூட இருக்கும் மைத்துனர் விவரமானவர். கேஸ் ஷீட்டில் அந்த வார்த்தை ஏறினால் "விளைவுகள்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து கிளெய்ம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "அதெல்லாம் இல்லை டாக்டர், எப்பவாவது பார்ட்டியில்" என்கிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. குடி நின்றுபோய் இரண்டு மூன்று நாள் ஆகிறது. உடம்பு கேட்கிறது, கிடைக்கவில்லை. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, இல்லாத பூச்சி சுவரில் தெரிகிறது, வலிப்பு வருகிறது. கடும் குடிநிறுத்த விளைவு என்று டாக்டர்கள் சொல்லும் நிலை இது. முன்பே தெரிந்தால் மாத்திரை, வைட்டமின் ஊசி கொடுத்துப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தெரியாவிட்டால் உயிரே போகலாம். அந்த ஒரு பொய்யைச் சொல்ல வைத்தது எது? மைத்துனரின் கெட்ட புத்தி இல்லை. பாலிசியின் ஒரு வரி.

விண்ணப்பத்தில் மறைத்தாலும் தப்ப முடியாது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நீண்டநாள் குடிப்பழக்கத்தை மறைத்துப் பாலிசி எடுத்தவரின் குடும்பத்துக்கு எல்.ஐ.சி. பணம் மறுத்தது சரியே என்று சொல்லிவிட்டது. பணம் கேட்டு நின்றது அவர் மனைவி. உண்மையைச் சொன்னால் பாலிசி கிடைக்குமா என்று பயம், மறைத்தால் கிளெய்ம் கிடைக்காது. இப்படி இரண்டு பக்கமும் அடைத்து வைத்துவிட்டு, "குடிகாரர்கள் பொய் சொல்வார்கள்" என்று வேறு சொல்கிறோம்.

<b>இப்போதைக்கு என்ன செய்யலாம்</b>

முதலாவது, டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கிளெய்ம் போனால் கடன் வாங்கிக் கட்டலாம், என்னைப் போன்றவர்கள் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவது, பாலிசி விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். 2024 முதல், தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி தவிர மற்ற மறைப்புகளைக் காரணம் காட்டி கிளெய்ம் மறுக்க முடியாது. ஆனால் 12-ஆம் நம்பர் போன்ற நிரந்தர விலக்குகள் அதற்குப் பிறகும் விலக்குகள்தான்.

மூன்றாவது, கம்பெனி குரூப் பாலிசி வைத்திருப்பவர்கள் எச்.ஆரிடம் கேளுங்கள். குரூப் பாலிசி என்பது பேரம் பேசி எழுதும் ஒப்பந்தம். பிரசவத்துக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு பேசி வாங்கிய கம்பெனிகள், 12-ஆம் நம்பரைத் தளர்த்தும்படியும் பேசலாம். யாரும் கேட்காததால்தான் யாரும் பேசுவதில்லை. பெயர் வெளியே வரும் என்று பயந்தால் நாலு பேர் சேர்ந்து பொதுவாக, "மனநலக் காப்பீட்டில் அடிமைப் பழக்க சிகிச்சையும் உண்டா?" என்று ஒரு மெயில் போடுங்கள்.

நான்காவது, கிளெய்ம் மறுத்தால் எந்த ஷரத்தின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். குடியோடு மனச்சோர்வுக்கும் சிகிச்சை நடந்திருந்தால், அது டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளபடி தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை எழுதச் சொல்லாதீர்கள், இருப்பதை விடச் சொல்லாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். பெங்களூர் அலுவலகம் ஜே.பி. நகரில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். மனுவில் 2017 சட்டத்தின் 2-ஆம் பிரிவையும் 21(4)-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஜெயிக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் மனநோய்க்குக் கோர்ட் கைகொடுத்தது யாரோ ஒருவர் மனு போட்டதால்தான்.

ஐந்தாவது, சிகிச்சைக்குக் காப்பீட்டை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். நம் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. அரசு மானியத்தில் நடக்கும் மறுவாழ்வு மையங்கள் எங்கே என்று 14446 எண்ணில் கேட்கலாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் காசும் இல்லை, பெயரும் கேட்க மாட்டார்கள்.

பின்குறிப்பு: குடும்பத்தில் ஒருவர் தினமும் குடிப்பவராக இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் ஒரே நாளில் வீட்டிலேயே கட்டாயமாக நிறுத்த வைக்காதீர்கள். அந்த மூன்றாம் நாள் வீட்டில் வந்தாலும் அதே ஆபத்துதான்.